என் ரத்தத்தைப் பற்றி நான் கடையில் சொன்னது

ஷமீமாவுக்கு அத்தா எழுதுவது.

நீ போனை எடுப்பதில்லை என்று குறை சொல்ல முடியாது. எடுக்கிறாய். "நல்லா இருக்கேன் அத்தா, சாப்பிட்டேன் அத்தா, லேப்ல வேலை இருக்கு அத்தா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருக்கும். கோபமே இல்லாத அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது. போனில் நான் இழுத்து இழுத்துப் பேசுவதைக் கேட்க உனக்கு நேரம் இருக்காது. அதனால் எழுதுகிறேன். மதிய நேரம், கடையில் ஆள் இல்லை. கொழிஞ்சாம்பாறை வெயில் உனக்குத் தெரியும், இந்த நேரத்தில் யாரும் ஜவுளி வாங்க வரமாட்டார்கள். இதை நீ படித்த பிறகு, விருப்பம் இருந்தால் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் கொடு. ரத்தம் கொடுப்பதற்காக உங்களிடம் வரும் அப்பன் அம்மாக்களுக்குக்கூட, ஆள் பேர் ஊர்ப் பேரை மாற்றிப் படித்துக் காட்டலாம். அதற்காகத்தான் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் முதலிலிருந்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

இர்ஃபானிடமிருந்துதான் தொடங்க வேண்டும். உன் அண்ணன் நாசருக்கு மகன் பிறந்தபோது நான் கடை வாசலில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். பையன் அழகாக இருந்தான். நடந்தான், ஓடினான். பேச்சு மட்டும் வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். உன் அம்மா அதற்கு மருமகள் பர்வீனைத்தான் குறை சொன்னாள். வயிற்றில் இருக்கும்போது ராத்திரி பகல் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றாள். சத்துள்ளதாகச் சாப்பிடவில்லை என்றாள். பர்வீன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. குக்கர் விசில் அடித்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான் என்பதால் நம் வீட்டில் குக்கரை எடுத்துப் பரணில் போட்டது பர்வீன்தான். கோயம்புத்தூரில் டாக்டர் ஆட்டிசம் என்று சொன்ன அன்றைக்கு நாசர் காரை வாளையாரில் சிமெண்டு லாரிகளுக்கு நடுவே ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய் நின்றான். அரை மணி நேரம் ஆகியிருக்கும், திரும்பி வரவில்லை. நான் பின்சீட்டில் இர்ஃபானை மடியில் வைத்துக்கொண்டு, இவன் எங்கே போகிறான், ஏன் வரவில்லை என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிமெண்டுத் தூசிக்குள் அவன் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த பயம்தான் முதல் பயம். இந்தப் பிள்ளை என்ன ஆவான் என்பதைவிட, இவனைச் சுமக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்ற பயம்.

நீ அப்போதே பெங்களூரில் மரபணு ஆராய்ச்சியில் இருந்தாய். ஏதோ செடியைப் பற்றி என்று சொன்னதாக ஞாபகம். இர்ஃபானுக்குப் பிறகுதான் ஆட்டிசம் பக்கம் திரும்பினாய். இதில் மருந்து கண்டுபிடிக்கவா என்று நான் கேட்டதற்கு, "மருந்தெல்லாம் இல்லத்தா. இது எப்படி வருதுன்னு கொஞ்சமாவது புரிஞ்சா, பர்வீன் அண்ணி மாதிரி ஆளுங்க மேல பழி போடறதாவது நிக்கும்" என்றாய். உன் அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்று உனக்குத் தெரியும். கேட்கட்டும் என்றுதான் சொன்னாய்.

பிறகு நீ நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களிடம் ரத்தம் எடுக்க வந்தாய். பிள்ளை, அப்பா, அம்மா, மூன்று பேரிடமும் எடுக்க வேண்டும் என்றாய். உங்கள் ஆபீஸ் காரில் போனபோது வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அரசாங்கத்து ஆளா, சென்சஸா, கிட்னி எடுக்கிற கூட்டமா என்று கேட்டார்கள். கடைசியில் நம் கடை ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு நான் வந்தேன். நல்லேப்பிள்ளி, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று எந்த வாசலில் போய் நின்றாலும் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நான் பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்திருப்பேன். "ஏனுங்க பாய், உங்க புள்ளையாங்க இது? உள்ள வாங்க" என்று கதவைத் திறந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு சேர்ந்து பயமும் வந்தது. நீ ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாக ஒன்றைச் சொல்வாய்: "எங்களால எதையும் கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். பாதிக்கு மேல வீடுகள்ல அப்படித்தான் ஆகும்." அதை யாருமே காதில் வாங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கையை நீட்டினார்கள். அவர்கள் கையை நீட்டியது உன் பேச்சுக்காக அல்ல, என் முகத்துக்காக. இவர்களுக்கு நாளைக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் என் கடைக்குத்தான் வருவார்கள் என்று அன்றைக்கே நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

நம் வீட்டு ரத்தமும் போனது, இர்ஃபான், நாசர், பர்வீன் மூவரோடு என்னுடையதும். நீ அதைத் தொடவில்லை, வேறு ஆட்கள் பார்த்தார்கள். உன்னோடு வேலை செய்யும் டாக்டரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, நாசரையும் பர்வீனையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார். நீ சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தாய். குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லை என்றார். இர்ஃபானிடம் இல்லாத அதே துண்டு நாசரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. என்னிடமிருந்து நாசருக்கு, நாசரிடமிருந்து பேரனுக்கு. நான் துணி வியாபாரி, எனக்குத் தெரிந்த மாதிரி கேட்டேன்: "தறிப் பாவுல ஒரு இழை விட்டுப்போச்சுன்னா துணி முழுக்க அந்தக் கோடு ஓடும். அப்படியா புள்ளே?" நீ படியிலிருந்தே சொன்னாய்: "அப்படி இல்லத்தா. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் ஒருத்தருக்கு ஒண்ணுமே தெரியாது, இன்னொருத்தருக்குப் பேச்சே வராது. ஏன்னு எங்களுக்கும் இன்னும் முழுசாத் தெரியல."

அப்போது உன் அம்மா கேட்டாள், "அப்ப உனக்கு?"

"நான் பாத்துக்கல. இப்போதைக்கு வேண்டாம்."

பர்வீன் எழுந்து போய்த் தேநீர் தம்ளர்களை எடுத்தாள். அவள் அழுவாள், இல்லை உன் அம்மாவை ஒரு பார்வையாவது பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். தம்ளர்களைக் கழுவி அடுக்கினாள், அவ்வளவுதான். உன் அம்மா அன்று மாலை என்னைப் பரணில் ஏறச் சொல்லி, அந்தக் குக்கரை எடுத்துப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டாள். மன்னிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

உனக்கு உடுமலைப்பேட்டையில் ரியாஸை மாப்பிள்ளையாகப் பேசி முடித்திருந்த நேரம் அது. அதனால் இந்த விஷயம் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம் என்று எல்லோருமாகப் பேசிக்கொண்டோம். நீ மட்டும் அதில் சேரவில்லை. "ரியாஸ்கிட்ட நேரம் பார்த்து நானே சொல்லிக்கறேன்" என்றாய். சரி என்றோம். அதற்குப் பிறகு நான் என்னையே பார்க்கத் தொடங்கினேன். சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பேன். எனக்குக் கல்யாண மண்டபத்துச் சத்தம் சின்ன வயதிலிருந்தே ஆகாது, பந்தி முடிந்ததும் வெளியே போய் நின்றுகொள்வேன். அது இதனாலா? சேலையை மடித்த மடிப்பிலேயே மடிக்காவிட்டால் கடைப் பையன்களைத் திட்டுவேனே, அது இதனாலா? இர்ஃபானைக் கடைக்குக் கூட்டிவந்தால், மெல்லிய மல்லுத் துணியைக் கிழிக்கும்போது வரும் சத்தத்துக்கு அவன் அப்படிச் சிரிப்பான். அவன் முதல்முதலாகப் பேசிய வார்த்தையே 'கிழி'. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். எப்போதுமே பிடிக்கும். இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு மனிதன் தன் பிரியங்களைக்கூடச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. நீ அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாய். ஆனாலும் உன் ஆராய்ச்சி ஒரு வீட்டுக்குள் வந்தால் இப்படி ஒவ்வொரு மூலையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது செந்தில் விஷயம். நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம், நல்ல குடும்பம். அவன் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை நம் கடையில்தான் எடுத்தார்கள். மனைவி கலாமணி. பையன் தருணுக்கு ஆறு வயது, இர்ஃபானைப் போலவேதான். நீ அவர்கள் வீட்டுக்கே போய் முடிவைச் சொல்லிவிட்டு வந்தாய். மூன்று பேர் ரத்தத்திலும் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று. திரும்பி வரும்போது வேனில் "அவரு நம்பலத்தா" என்று மட்டும் சொன்னாய்.

நீ பெங்களூர் போன பிறகு ஒரு சந்தை நாளில் செந்தில் கடைக்கு வந்தான். பைக்கை வாசலில் நிறுத்தியிருந்தான். கலாமணி இறங்கி, ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் பையனோடு, படி ஏறாமல் வெயிலிலேயே நின்றாள். உள்ளே ரெண்டு பெண்கள் உள்பாவாடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைப் பையன்கள் ரெண்டு பேரும் இருந்தார்கள்.

"உள்ள வரச் சொல்லுப்பா, வெயில்ல நிக்குது" என்றேன்.

"வேண்டாங்க பாய். அவளை அவிய அம்மா ஊட்டுல உட்டுட்டு வரப் போறனுங்க. போற வழியில உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு நின்னனுங்க."

"என்ன கேக்கணும்?"

"எம்பக்கமா, அவ பக்கமா? அதுதானுங்க."

"ஷமீமா வந்து சொல்லுச்சே செந்திலு. ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலன்னு."

"சொல்லுச்சுங்க. உங்க புள்ளை நெம்ப நல்ல புள்ளைங்க, நான் இல்லீங்கல. ஆனா பொண்ணுக்குப் பொண்ணு எரக்கப்பட்டு மறைக்குமுங்க. இத்தனை பெரிய மிசினு, இத்தனை ரத்தம், ஒண்ணுமே இல்லீனா எப்படிங்க? எங்கம்மா கெடந்து குதிக்குது, இவளைக் கொண்டு போய் உட்டுட்டு வேற பொண்ணு பாருங்குது. நீங்க சொல்லுங்க பாய். நீங்க என்ன சொன்னாலும் நான் நம்பறனுங்க."

ஷமீமா, அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கொன்றது. நான் என்ன சொன்னாலும் நம்புவான். யாருடைய பக்கமும் இல்லை, பிள்ளைக்குப் புதிதாக வந்தது, என் மகள் என்னிடம் சொன்னாள் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீ ஒருமுறை சொல்லியிருந்தாய், சில பிள்ளைகளுக்கு அப்படிப் புதிதாகவும் வரும் என்று. சொல்லியிருந்தால் அவன் பைக்கைத் திருப்பியிருப்பான். ஆனால் உன் பெயரில் நான் சொல்லும் பொய் நாளைக்கு எத்தனை வீட்டில் போய் நிற்கும்? வெளியே தருண் அவள் கையை உதறிக்கொண்டிருந்தான். அவள் ஒரு தரம்கூட உள்ளே பார்க்கவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்த ஒருத்தி, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பர்வீன் தம்ளர் கழுவியது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"செந்திலு, உங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது. எங்க வீட்டு விஷயம் சொல்றேன், கேளு. எங்க இர்ஃபானுக்கும் பாத்தாங்க. அவனுக்கு நாசர்கிட்ட இருந்து வந்திருக்கு. நாசருக்கு எங்கிட்ட இருந்து. என் ரத்தத்துலதான் இருக்கு அது."

உள்பாவாடை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கடைப் பையன் மடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினான்.

செந்தில் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க நல்லாத்தான இருக்கறீங்க பாய்?"

"நல்லாத்தான் இருக்கேன். முப்பது வருஷமா எங்கிட்டதான் துணி எடுக்கறீங்க, என்ன குறை கண்டீங்க? ஆனா எங்கிட்ட இருந்துதான் வந்துது. எங்க வீட்டுலயும் மருமகளைத்தான் சொன்னோம். அவகிட்ட ஒண்ணுமே இல்ல. உங்க ஊட்டுல உங்கிட்ட இருந்து வந்திருக்கலாம், அந்தப் பொண்ணுகிட்ட இருந்து வந்திருக்கலாம், ரெண்டு பேருகிட்ட இருந்தும் வராமலும் இருக்கலாம். அவங்களுக்குத் தெரியல. தெரியலங்கறது நெசம். அதை வச்சு ஒருத்தியக் கொண்டு போய் விடாதே."

அவன் கவுண்டரில் கையை ஊன்றிக் கிட்டே சாய்ந்தான். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "எங்க சித்தப்பாரு ஒருத்தரு இருந்தாருங்க" என்றான். "பேச மாட்டாரு. மாட்டுச்சாளையிலதான் படுத்துக்குவாரு. நான் பொடுசா இருக்கறப்பவே செத்துப்போயிட்டாரு. அவரைப் பத்தி ஊட்டுல யாரும் பேசக் கூடாதுங்க. இவளுக்குத் தெரியாது." அவன் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது கோபத்தில் இல்லை. தன் பக்கம்தான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்.

கலாமணி படியேறி வந்தாள். என்ன காதில் விழுந்ததோ தெரியாது. "பையனுக்குப் பசிக்குதுங்க. ஊட்டுக்குப் போலாம்" என்றாள். எந்த ஊட்டுக்கு என்று அவள் சொல்லவில்லை. நான் கடை வாசலுக்கு வந்து பார்த்தேன். பைக் நல்லேப்பிள்ளிப் பக்கம் திரும்பியது. நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்பு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

கடையில் சொன்ன பேச்சு கடையில் நிற்காது. அன்று அசர் தொழுகை முடிந்து வெளியே வரும்போதே ஒருவர் தோளைத் தொட்டு, "ஏன் பாய், ரத்தத்துல ஏதோங்கறாங்க, உடம்பைப் பார்த்துக்கங்க" என்றார். நான் தினமும் போனை வெறித்துக்கொண்டிருந்தேன். உடுமலைப்பேட்டை நம்பர் வந்தபோது எடுக்கக் கை வரவில்லை. உன் அம்மாதான் எடுத்தாள். மாப்பிள்ளையின் அத்தாவும் அம்மாவும் நேரிலேயே வந்தார்கள். பழம், பிஸ்கெட்டு எல்லாம் வாங்கி வந்திருந்தார்கள். சண்டை போட வந்தவர்கள் இல்லை, நல்ல மனிதர்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நாங்க தப்பா நினைக்கல சம்மந்தி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பொண்ணுக்கு ஒரே ஒரு தடவ பாத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி. அவங்க லேப்புலயே பாத்துக்கலாமே."

உன்னைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். நீ சலாம் சொன்னாய். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாய். பிறகு, "மாமி, ரியாஸ்கிட்ட நான் போன மாசமே சொல்லிட்டேன். அவரு உங்ககிட்ட சொல்லலையா?" என்றாய். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் அது புதிது. "சரி, ஒண்ணு கேக்கறேன் மாமி. நான் டெஸ்ட் பாக்கறது இருக்கட்டும். பாக்காமலேயே இர்ஃபான் மாதிரி ஒரு பிள்ளை நம்ம வீட்டுல பொறந்தா என்ன செய்வீங்க?"

இர்ஃபான் அங்கேதான் இருந்தான், ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு. மாப்பிள்ளையின் அத்தா அவனைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அல்லா காப்பாத்தணும்மா" என்றார். மனதார, பயந்து சொன்னார். பிள்ளையைக் காப்பாற்றவா, பிள்ளையிடமிருந்து காப்பாற்றவா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. "எனக்குப் பதில் கிடைச்சிருச்சு மாமி. நீங்க வருத்தப்படாதீங்க" என்று வைத்துவிட்டாய். நிச்சயத்துக்கு அவர்கள் போட்ட மோதிரத்தையும் சேலையையும் உன் அம்மா அடுத்த வாரம் திருப்பி அனுப்பினாள். ரியாஸ் உன்னிடம் என்ன பேசினான், நீ என்ன சொன்னாய், எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

அதற்குப் பிறகு நீ ஊருக்கு வந்தாய். நான் உன்னைப் பாலக்காடு ஸ்டேஷனிலிருந்து வேனில் கூட்டிவந்தேன். நீதான் முதலில் பேசினாய். "உங்க ரத்தத்தைப் பத்தித்தான் சொல்றோம்னு நினைச்சீங்கல்ல? அதுல பாதி என்னுதுத்தா. தெரிஞ்சுக்க வேண்டாம்னு நான் வச்சிருந்தேன். ஒவ்வொரு வீட்டுலயும் போய், தெரிஞ்சுக்காம இருக்கறதுக்கும் உங்களுக்கு உரிமை உண்டுன்னு சொல்றவ நான். எனக்கு அது இல்லாமப் போச்சு. இப்ப ஊருல எல்லாரும் என்னைப் பாக்கறப்ப பாதிக்குப் பாதின்னு பாக்கறாங்க."

"அந்தப் பொண்ணு வெயில்ல நின்னுச்சு புள்ளே" என்றேன்.

"தெரியும். அதனாலதான் உங்களைத் திட்டவும் முடியல."

வீடு வரும் வரை அழுதாய். நான் வண்டியை ஓரம் கட்டவில்லை. கட்டியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எங்கே நிறுத்தினாலும் தெரிந்தவன் எவனாவது வந்து என்ன பாய் என்று கேட்பான் என்று பயந்தேன். வாயைத் திறந்து ஊருக்கே சொன்னவன், மகள் அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வண்டியை விரட்டினேன்.

ஒரு அப்பனாக உனக்குப் புத்தி சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், உன் வேலைக்கு ஆகும். அடுத்த தடவை ஒரு வீட்டில் கையை நீட்டச் சொல்லும்போது, அந்த மூன்று பேரிடம் மட்டும் கேட்டால் போதாது. கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் தங்கச்சி, வெளியூரில் படிக்கும் தம்பி, இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள், எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று முதலிலேயே சொல். உங்கள் காகிதத்தில் அது எங்கோ எழுதியிருக்கலாம். வாயால் சொல். சிலர் கையை மடக்கிக்கொள்வார்கள். மடக்கிக்கொள்ளட்டும். உன் ஆராய்ச்சிக்கு ரத்தம் குறையும், எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று நீ சொல்லிவிட்டுப் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாராவது ஒருவர் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு துணிக்கடைக்காரனை நம்பி இருக்காதே. அவன் என்ன செய்வான் என்று நீ பார்த்துவிட்டாய்.

போன வாரம் செந்திலும் கலாமணியும் வந்தார்கள். தருணுக்கு ஸ்பெஷல் ஸ்கூலில் இடம் கிடைத்திருக்கிறது, யூனிபார்ம் துணி எடுக்க. கலாமணி முழுகாமல் இருக்கிறாள். துணியை அளக்கும்போது செந்தில் என் பக்கம் குனிந்து, "வயித்துல இருக்கறப்பவே பாத்துச் சொல்ற டெஸ்டு இருக்குதாமுங்களே?" என்று கேட்டான். மீட்டர் கோலைக் கீழே வைத்தேன். "அது எங்கிட்ட கேக்காதே. டாக்டரம்மா நம்பர் தர்றேன், ரெண்டு பேரும் சேர்ந்து கேளுங்க" என்றேன். கலாமணி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "தருணுக்கே ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலீங்க, இதுல எதைத் தேடுவாங்களாமாம்?" என்றாள் என்னிடம். "இதுவும் அப்படியே இருந்தா நான் பாத்துக்குவனுங்க பாய். அவருதான் பயந்துக்கறாரு." அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கி, விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. அன்றைக்கு இர்ஃபானும் கடையில் இருந்தான். கடைப் பையன் துணியைக் கிழித்தபோது இர்ஃபான் சிரித்தான். தருண் காதைப் பொத்திக்கொண்டான். ஒரே பெயரைச் சொல்லித்தான் ரெண்டு பேரையும் கூப்பிடுகிறார்கள் டாக்டர்கள். நீ தேடுவது கிடைத்துவிட்டால், ஒரு காலத்தில் எல்லா வயிற்றிலும் அதைத் தேடுவார்களோ என்று நினைத்தேன். நீ அதற்காகச் செய்யவில்லை. பர்வீன் மாதிரி ஆட்களுக்காகச் செய்கிறாய். ஆனால் நான் விற்ற துணியை எதற்கு உடுத்துகிறார்கள் என்பது என் கையில் இல்லாத மாதிரி, நீ கண்டுபிடிப்பதை எதற்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதும் உன் கையில் இருக்காது. அதைக் கொஞ்சம் பயந்துகொண்டே செய். பயம் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்களிடம் நான் கையை நீட்ட மாட்டேன்.

முந்தாநாள் நீ அனுப்பிய மெசேஜைப் பலமுறை படித்துவிட்டேன். "என் ரத்தமும் கொடுத்துட்டேன் அத்தா. யாருக்காகவும் இல்ல, எனக்காக. முடிவு வர நாளாகும்." உன் அம்மாவிடம் காட்டவில்லை. உன்னிடம் அது இருந்தால் நான் கொடுத்தது. இல்லாவிட்டால், அந்தக் கல்யாணம் ஒன்றுமில்லாததற்காக நின்றுபோனது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதன் மறுமுனையில் நான் நிற்கிறேன்.

முடிவு வந்ததும் முதலில் நீ மட்டும் பார். அவசரம் இல்லை என்று தோன்றினால் பார்க்காமலேயே வை. என்னிடம் சொன்னால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது தெரிந்துவிட்டது, என்னால் அந்தச் சத்தியத்தைச் செய்ய முடியாது. இன்னொரு செந்தில் நாளைக்கு வந்து, நீங்க சொன்னா நம்பறேன் என்று நின்றால், நான் மறுபடியும் வாயைத் திறப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. என்னிடம் எனக்கு இருக்கும் பெரிய பயமே அதுதான். ஆகவே எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லாதே, ஷமீமா. நானும் கேட்க மாட்டேன், உன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முயல மாட்டேன். ஒன்றும் சொல்லாமல், எப்போதும் போல, வீட்டுக்கு மட்டும் வந்துவிடு.

அத்தா